உன் மகளுக்கு அவர்கள் வைத்த பெயர்

அடி செல்வி, என் கண்ணே,

இன்று காலை நான் செய்த முதல் காரியம் ஒரு வார்த்தையை விழுங்கியது. தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தேன். அந்தக் கடைக்கார அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். "விழுப்புரம் பூரா கேக்குது, மெதுவா சிரி தாயே" என்று உன்னை அதட்டுவாரே, அவர்தான். "உன் ஃப்ரெண்டு பொண்ணு எப்பிடிம்மா இருக்குது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை நுனிநாக்குவரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "நல்லா இருக்கா. என்னைவிட உசரமாயிட்டா" என்றேன். உச்சுக் கொட்டத் தயாராக இருந்தவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

எந்த வார்த்தை என்று கேட்கிறாயா? சொல்கிறேன். அதற்கு முன் உன்மேல் விழுந்திருக்கும் பழியைச் சொல்லிவிடுகிறேன்.

உன் மகள் என்ன செய்தாலும் காரணம் நீதானாம். சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வந்தால் அம்மா நினைப்பு. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்றால் அதுவும் அம்மா நினைப்பு. தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்தபடியே வீட்டுக்கு வருகிறது. வேனை விட்டு இறங்கியதும் யார் முகத்தையும் பாராமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். அதற்கும் நீதான். உன் நாத்தனார் பனமலையிலிருந்து வந்து மந்திரித்த கயிறு கட்டிவிட்டுப் போனார். "அவ இந்த வூட்டையே சுத்திக்கினு இருக்கா, புள்ளைய உட மாட்டேங்குறா" என்றார். நல்ல மனுஷி, பிரியத்தில்தான் சொன்னார். ஆனாலும் செத்த பிறகுகூட உனக்கு நிம்மதி இல்லை, பார்த்தாயா?

நாங்கள் கேட்டால் அவளும் அதையேதான் சொன்னாள். "அம்மா ஞாபகம் வந்துச்சு பெரிம்மா." அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை என்று கண்டுகொண்டிருக்கிறாள். சின்ன வயதில் புது ஆள் வந்தால் உன் முந்தானைக்குப் பின்னால் போய் நிற்பாள் அல்லவா? நீ போன பிறகும் உன் பின்னால்தான் ஒளிந்திருந்தாள்.

கடைசியில் பெரியவர்கள் கூடி, அவளைப் பனமலைக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். டிசி வாங்கி அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டால், அத்தை வீட்டில் இருந்தால், உன் ஞாபகம் குறையுமாம். நாளை ஞாயிற்றுக்கிழமை உன் நாத்தனார் அழைத்துப்போக வருகிறார்.

இந்த வியாழக்கிழமை திண்டிவனத்தில் ஆபீஸ் விட்டு வரும்போது கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். உன் வீட்டுக்காரர் வீட்டை ஒட்டிய பஞ்சர் கடையில் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, டீ சொல்லட்டா?" என்று கேட்டு முடிப்பதற்குள் பள்ளி வேன் வந்து நின்றது. நம் பெண் இறங்கினாள். வேன் நகரும்போது ஜன்னலிலிருந்து பெண்பிள்ளைகளின் குரல்கள்.

"டாட்டா பா...வம்! நாளைக்கு ஜல்தி வந்துடு பா...வம்!"

உன் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாக்கா? கூடப் படிக்கிற பசங்களுக்குக்கூட எம் பொண்ணு மேல எவ்ளோ எரக்கம்!"

நான் அவளைப் பார்த்தேன். முதுகிலிருந்த பையைக் கழற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, வேன் கண்ணுக்கு மறையும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வி, இரக்கப்படுகிறவர்கள் ராகம் போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்குள் போய் அவித்த மல்லாட்டையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடி உன் பெயரைத்தான் சொல்லியிருப்பாள். "அவுங்க கத்துனது எனக்குப் புடிக்கலடி" என்று மட்டும் சொன்னேன். கடலைத் தோலை உரித்து அவள் பக்கம் தள்ளினேன்.

"அது என் பேரு பெரிம்மா."

"இன்னாது?"

"ஸ்கூல்ல என் பேரு அதான். பாவம்."

நீ போன புதிதில் வகுப்பு மிஸ் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "அவள ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம், அம்மா இல்லாத பொண்ணு." வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் திட்டுவதில்லை. நல்ல எண்ணம்தான். அதிலிருந்து சில பெண்கள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். வேனில் அவள் ஏறியதும் "பாவத்துக்கு எடம் உடுங்கடி" என்று எழுந்து, ஒரு சீட்டையே காலி செய்துவிடுவார்கள். பக்கத்தில் ஒருத்தியும் உட்கார மாட்டாள். மதியம் எச்சில் மிச்சத்தை அவள் டப்பா மூடியில் கொட்டி, "சாப்புடு பாவம், உனக்கு யாரு ஆக்கிப் போடுவா?" என்பார்கள். பாத்ரூம் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பாவம் அழுவுதான்னு கேளுடி" என்று சிரிப்பார்கள். பாட்டில் ஏன் நிரம்பியே வந்தது என்று இப்போது புரிகிறதா?

ஒரு தடவை மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறாள். "என்னைப் பாவம்னு கூப்புடுறாங்க மிஸ்." அவர், "அன்பாத்தானேம்மா சொல்றாங்க" என்றாராம். கெட்ட வார்த்தையாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். இது நாமெல்லாம் தினமும் சொல்கிற வார்த்தை; இன்று காலை நான் விழுங்கியதும் இதைத்தான். யார் காதில் விழுந்தாலும் சந்தேகம் வராது.

கல்லூரி நாட்களில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்தவள் நீ. உன் மகளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே போய் வந்துகொண்டிருக்கிறது என்பதை உன்னிடம் எப்படிச் சொல்வது?

அவளிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சொன்னது நல்லதுடி. உம்மேல ஒரு தப்பும் இல்ல. உனக்குத் தெரியாம நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். ஆனா அப்பாவுக்குச் சொல்லியாவணும்."

"நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

சொன்னேன். உன் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "எவ அவ? வூடு எங்கன்னு சொல்லு பாப்பா, இப்பவே போயி நாலு கேள்வி கேக்குறேன்." பிள்ளை முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, நீங்க கத்திட்டு வந்துடுவீங்க. நாளைக்கு அந்த வேன்ல ஏறப்போறது அவ."

உட்கார்ந்துவிட்டார். "நானும் தெனம் பாவம் பாவம்னுதானக்கா சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். அவள் தலையைத் தொடப்போனவர், விரலில் கிரீஸைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "பரவால்லப்பா" என்று அவளே அந்தக் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னது இதுதான்: "இந்தப் பேஜாரே வேணாம்க்கா. பனமலைக்கே போயிடட்டும்." காரணம் மாறியது, முடிவு மாறவில்லை.

பஸ் ஏற்றிவிட அவள்தான் ரோடுவரை வந்தாள். "நான் இன்னா பண்ணேன் பெரிம்மா? நான் ஏன் போவணும்? அம்மா இங்கதான இருந்துச்சு." பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சண்டைக்கு அல்ல. எங்கே, எந்த வேளையில், யார், என்ன சொல்கிறார்கள் என்று அவள் சொன்னபடியே எடுத்துச் சொல்ல வேண்டும். வேனில் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும் என்று கேட்க வேண்டும். பாத்ரூம் பக்கமும் சாப்பாட்டு வேளையிலும் ஒரு கண் இருக்க வேண்டும். மிஸ்ஸும் அந்த வார்த்தையை விட்டுவிட வேண்டும். ஒரு தடவை போனால் தீர்ந்துவிடுமா? தீராது. மறுபடி போவோம். அந்தப் பெண்களும் குழந்தைகள்தானே. அவர்கள் அம்மாக்கள்கூட, தங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் உனக்கு எழுதுவதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

நேற்று போனில் அவளிடம் கேட்டுவிட்டேன். "எழுது பெரிம்மா. பேரு மட்டும் போடாத."

"ஏன்டி?"

"என் பேர நானே சொல்லிக்கிறேன்."

அவள் என்னை முதன்முதலில் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டபோது நீ போட்ட சத்தம் நினைவிருக்கிறதா? "ஆன்ட்டின்னா தெருவுல போறவ. பெரிம்மான்னாதான் வூட்டுக்குள்ள வந்து சண்ட போடலாம்." என்னைவிடச் சில மாதம் சின்னவள் என்பதற்காக எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தாய். ரத்த சம்பந்தம் இல்லையே என்ற கூச்சத்தில், அந்த உரிமையை நான் ஒரு நாளும் எடுத்துக்கொண்டதில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். உன் நாத்தனார் வருவதற்கு முன்பே உன் வீட்டுக் கூடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பேன். முதலில் நம் பெண்ணின் காதில் சொல்வேன், பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொல்வேன்: அவள் எங்கும் போகப்போவதில்லை. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சாயங்காலம் அந்த வேன் வந்து நிற்கும்போதெல்லாம் முடிந்தவரை நான் அங்கே நிற்பேன். நீ வைத்த பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவேன், நீ சிரிப்பாயே அவ்வளவு சத்தமாக.

"கேக்குறதுக்கு நீ யாரும்மா?" என்று நாளை யாராவது கட்டாயம் கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை இங்கே ஒரு முறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

அவளுடைய பெரியம்மா