அவன் பாடினானா?

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய விசாலம் டீச்சர், குளித்துக்கொண்டிருந்த கணவனுக்குச் சீட்டெழுதி, கார் சாவி தொங்கும் ஆணியிலேயே குத்தினாள்.

“தோசை மூடி வச்சிருக்கேன். கார் ரிப்பேரில் இருந்த பத்து நாளும் பஸ்ஸில் போய்வந்து கதை கதையாச் சொன்னீங்க. இப்போ வாயே திறக்கிறதில்லை. நேத்துக் கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தீங்க. உங்க பஸ் சிநேகிதர் சோமநாதன் மக, பெண் பார்க்க வந்தவங்க பாடச் சொன்னதும், மாப்பிள்ளையைப் பார்த்து ‘முதல்ல நீங்க பாடுங்க’ன்னாளாமே! அவன் பாடினானா? அவர் அதைச் சொல்றதுக்குள்ள தாதர் ஸ்டாப் வந்து இறங்கிட்டீங்க, மறுநாளே காரும் வந்துட்டுது. சாவி இங்கேயேதான் இருக்கு, உங்க இஷ்டம். பஸ்ஸில் போனா கேட்டுட்டு வாங்க.”

படியிறங்கியவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“பாடியிருந்தா என்ன பாட்டுன்னும் கேளுங்க. நீங்க என்னைப் பார்க்க வந்தன்னைக்கு எனக்கு இது தோணாமப் போச்சே!”