ஓட்டோவுக்கு ஒரு மூலை

நவம்பர் 4, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? நோட்டுக்குத் தூக்கம் கெடுமா என்ன. நிவி இப்போதுதான் தூங்கினாள். "ஓட்டோ ஏம்மா சாப்பிடல?" என்று கேட்டுக் கேட்டு, பதில் கிடைக்காமலே தூங்கிவிட்டாள்.

ஓட்டோ, கீழ் வீட்டு யூலியா வேலை மாறி ஊரை விட்டுப் போகும்போது நிவியிடம் கொடுத்துவிட்டுப் போன ஆமை. சிவா அன்றைக்கே கடையில் இருந்ததிலேயே அழகான கண்ணாடிப் பெட்டியை வாங்கி வந்து ஹாலில் வைத்தார். வைத்த நாளிலிருந்து அது கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தது. வெளியே தெரிகிறதே, போய்விடலாம் என்று நினைக்கும்போல. நகம் கீறும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். நேற்றிலிருந்து அந்தச் சத்தம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

குளிருமே என்று பெட்டியைச் சுற்றி நிவியின் பழைய கம்பளியைக் கட்டிவிட்டிருக்கிறேன்.

நவம்பர் 5

ஸ்டுட்கார்ட்டிலிருந்து சிவா போன் செய்தார். வாரம் முழுக்க அங்கே வேலை, வெள்ளி இரவுதான் மியூனிக் வருவார். ஓட்டோவை அவர் ஆட்டோ என்றுதான் சொல்வார். "என்ன, ஆட்டோ இன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலையா?" சிரித்தேன். எங்களுக்குள் இப்போது எல்லாமே இப்படித்தான் — அவர் ஒரு ஜோக், நான் ஒரு சிரிப்பு, போனை வைத்துவிடுவது.

நவம்பர் 6

திருச்சியிலிருந்து அத்தை போன் செய்தார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று தெரிந்தும் படித்தவர்கள் நீங்கள் இப்படிச் செய்யலாமா என்றார். குழந்தை போனது ஜூலையில், ஆமை வந்தது அக்டோபரில், அதன்மேல் பழி போட வழியில்லையே அத்தை — நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்தது குழந்தைக் கட்டில் விஷயம் வரும்.

பிறக்கும் முன் தொட்டில் வாங்கக் கூடாது என்று அத்தை அப்போதே சொன்னார். இங்கே ஆர்டர் கொடுத்தால் வந்து சேரவே இரண்டு மாதம் ஆகும். பார்க்கிறவர்கள் எல்லாம் அறை ரெடியா, கட்டில் ரெடியா என்று கேட்பார்கள். வாங்கினோம். எட்டாம் மாதம் வயிற்றிலேயே துடிப்பு நின்றுபோனது. அதற்கடுத்த வாரம் கட்டில் வந்தது. சிவா அதன் பலகைகளைத் திருகி இணைத்துப் படுக்கையறை மூலையில் வைத்தார். ஏன் இணைத்தார்? நான் கேட்கவில்லை. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

நவம்பர் 10, திங்கள்

ஆமை பார்க்கும் டாக்டரிடம் போனோம். வழியெல்லாம் நிவி ஓட்டோ இருந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதனோடு பேசிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்த மாதத்தில் ஓட்டோ குளிரில் தூங்க வேண்டுமாம். இங்கே பலர் ஆமைக்கென்றே ஒரு ஃபிரிட்ஜ் வைத்து, குளிர்காலம் முழுக்க அதில் தூங்க வைப்பார்களாம். நான் கம்பளி சுற்றியிருக்கிறேன்! தூங்கவும் விடவில்லை, விழித்திருக்கப் போதுமான வெளிச்சமும் கொடுக்கவில்லை. இரண்டுங்கெட்டான் சூட்டில் வைத்தே உருக்கிவிட்டேன். நல்லதென்று நினைத்துச் செய்ததுதானே? நல்லதென்று நினைத்து நான் செய்வதெல்லாம் ஏன் இப்படி—

எடை குறைந்துவிட்டதால் இந்த வருடம் தூங்க வைக்க முடியாது. கண்ணாடி கூடாது, மரப்பலகைச் சுவர் வேண்டும், மேலே திறந்திருக்க வேண்டும். ஆழமாக மண், வெயில் மாதிரி பலமான விளக்கு. நீளம் ஒன்றரை மீட்டராவது வேண்டும். இந்த வாரத்துக்குள் செய்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்றார். வீட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

தெரியும்.

நவம்பர் 11

ஹாலை அளந்தேன். ஒரு பக்கம் ஹீட்டர், ஒரு பக்கம் பால்கனிக் கதவின் குளிர்காற்று. அடுப்படியை அளந்தேன். படுக்கையறையை அளக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

சிவா வந்துவிட்டார். புத்தக அலமாரியை மல்லாக்கப் படுக்க வைத்தால் அதுவே பெட்டியாகிவிடும், நடுத் தட்டுகளைக் கழற்றினால் போதும் என்றார். நல்ல யோசனை. "எடம்தான் இல்ல" என்றார். நானும் இல்லை என்றேன். இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு தோசையைப் பிய்த்தோம்.

நிவி வாயில் தோசையோடு சொன்னாள்: "அந்தக் குட்டிக் கட்டில்லதான் யாருமே படுக்கலையே."

சிவா பாதியில் எழுந்து கைகழுவப் போனார்.

நவம்பர் 15, சனி

ஞாயிற்றுக்கிழமை டிரில் சத்தம் போட்டால் மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதனால் இன்றே செய்ய வேண்டியிருந்தது. காலையில் சிவா ஸ்க்ரூடிரைவரோடு கட்டிலின் முன்னால் உட்கார்ந்தார். நான் திருகாணிகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு டப்பாவில் போட்டேன். பலகைகளைத் தூக்கிக்கொண்டு கீழே நிலத்தடியில் இருக்கும் எங்கள் சாமான் அறைக்கு, கெல்லருக்குப் போனார்.

நான் புத்தகங்களை இறக்கினேன். தட்டுகளைக் கழற்றினேன். அவர் வரவில்லை. நிவியை டிவி முன் உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

அங்கே விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். இருட்டாக இருந்தது. சுவிட்சை அழுத்தினேன். பலகைகளைச் சுவரில் சாய்த்து, அவற்றுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ போ சுபா. நிவி தனியா இருக்கா."

பக்கத்தில் உட்கார்ந்தேன். விளக்கு மறுபடி அணைந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

"நான் ஒரு பேர் யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றார். "பொறந்தப்புறம் சொல்லலாம்னு."

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது இருவரும் வேண்டாமென்று தலையாட்டினோம். நம் வழக்கத்தில் பிறந்த பிறகுதானே பெயர். அவர் மனதில் ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. இத்தனை மாதமும் தெரியாது. என்ன பெயர் என்று கேட்க வாயைத் திறந்தேன், யாரோ துணிக்கூடையோடு இறங்கி வந்து விளக்கைப் போட்டார்கள். எழுந்துவிட்டோம்.

மேலே வந்து, கட்டில் இருந்த மூலையில் அலமாரியைப் படுக்க வைத்து, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மண்ணும் மணலும் கலந்து கொட்டினோம். விளக்கை மாட்ட அவர் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 16

ஓட்டோ மண்ணுக்குள் போனது, வெளியே வரவே இல்லை. புது வீடு பிடிக்கவில்லையா என்று நிவி அழுதாள்.

நவம்பர் 19, புதன்

இன்று மத்தியானம் வெளியே வந்தது. விளக்குக்கடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. நிவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு கீரை இலையில் பாதி தின்றது. எடை ஏறும் வரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் போனில் சொன்னார். சரி. பாதி இலை, பாதி இலைதான்.

சிவாவிடம் போனில் இதைச் சொன்னேன். மற்றதைக் கேட்க முடியவில்லை. இங்கே எழுதிப் பார்த்து, அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன்:

சிவா, நிவி தூங்கிட்டா. அந்த மூலையைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். கீழே வெச்சு கேக்க நினைச்சேன், முடியல. நம்ம பாப்பாவுக்கு என்ன பேர் யோசிச்சு வெச்சிருந்தீங்க? போன்ல சொல்ல வேண்டாம், எழுதி அனுப்புங்க. முழிச்சிட்டுதான் இருக்கேன். சீக்கிரம் பதில் போடுங்க.