தளை தட்டாத நோயாளி

சிவமயம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
புரட்டாசி முதல் சனிக்கிழமை

அபர்டீன் நகரில் குளிரோடும் கிருமியோடும் ஒருங்கே போராடிக்கொண்டிருக்கும் என் அருமை மகள் லோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இறைவன் திருவருளால் நானும் உன் தாயும் இங்கு நலமாக இருக்கிறோம். அங்கு உன் உடல்நலமும் கைராசியும் கம்பளிக் காலுறைகளும் குறைவின்றி இருக்க வேண்டுமென்று நாள்தோறும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறோம் (காலுறைகளைச் சேர்க்கச் சொன்னவள் உன் தாய்). நேற்று முன்தினம் தொலைபேசியில் நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "எப்படிப்பா போவுது?" என்றாய். நான் கோயில் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது பற்றிச் சொன்னேன். மறுபடியும் கேட்டாய். வண்ணம் பச்சையா நீலமா என்று நிர்வாகத்தினர் இரண்டாகப் பிரிந்து நிற்பதை விளக்கினேன். மேலும் ஒருமுறை நீ கேட்கத் தொடங்கியபோது தொலைபேசியை உன் தாயிடம் கொடுத்துவிட்டுத் துளசிக்கு நீர் ஊற்றப் போனேன். காலையிலேயே ஊற்றியாகிவிட்ட துளசி அது. நீ கேட்டது கோபுரத்தைப் பற்றியன்று, என் சிறுநீரைப் பற்றி என்பது எனக்குத் தெரியாமலில்லை. இதோ, அந்தச் சொல்லை எழுதிவிட்டேன். அந்நகரத்து முதியவர்களெல்லாம் உன் முன்னே உட்கார்ந்து கூச்சமின்றிச் சொல்லும் செய்தியை, அதே நோய்க்கு அறுவை செய்யும் மகளிடம், பெற்ற தகப்பன் சொல்ல மாட்டாமல் ஒரு செடியை மூழ்கடிப்பது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று உன் தாய் கேட்டாள். வாயால் வராது, எழுத்தால் வரும் என்றேன். ஆகவே முறையாக முதலிலிருந்து எழுதுகிறேன். உன் கேள்விக்கு விடை உரிய இடத்தில் வரும். சிறுவயதில் கதைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாயே, அப்படி இங்கே செய்யாதே.

தைப்பூசம் கழிந்த சில நாட்களில் எனக்கு நீர் அடியோடு நின்றுபோயிற்று. வலியை வருணிக்கப் போவதில்லை. அடுத்த வீட்டு ஷேக் அலாவுதீன் பாய் தம் தேநீர்க் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, தம் காரிலேயே என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியிலிருந்த ஒவ்வொரு மேட்டையும் நான் தனித்தனியே அறிவேன். அங்கே குழாய் ஒன்றைச் செருகி, அதன் நுனியில் ஒரு பையையும் கட்டி அனுப்பினார்கள். நீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி வீங்கி வழியை அடைத்திருக்கிறது, உடலை வெட்டாமல் இயற்கை வழியாகவே கருவியைச் செலுத்திச் செதுக்கி எடுத்துவிடலாம் என்று மருத்துவர் ஹக்கீம் சொன்னார். இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆயினும் எழுதத் தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விடுவது எனக்கு வழக்கமில்லை. அதற்குள் மருத்துவமனை முழுதும் தொற்று நோயாளிகள் நிறைந்துவிட்டார்கள். உயிருக்கு உடனே ஆபத்தில்லாத அறுவைகள் எல்லாம் தள்ளிப்போயின. உயிருக்கு ஆபத்தில்லை என்று அவர்கள் சொன்னது என் உயிரைப் பற்றி. மானத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாதம் மாதமாகப் பையும் நானும் இணைபிரியாமல் வாழ்ந்தோம். உன்னிடம் சொல்லக் கூடாதென்று உன் தாயிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்; அவள் அதைக் காத்த அழகை நீ அறிவாய். குழாயை மாற்ற மட்டும் நேரில் போவேன். மற்றபடி மருத்துவர் தொலைபேசியிலேயே நலம் விசாரிப்பார். என் செவி மந்தமானதால் ஒலிபெருக்கியைப் போட்டாக வேண்டும். எரிச்சல் உண்டா, நிறம் எப்படி என்று அவர் மலாய் மொழியில் கேட்பார். நான் சபைக்கேற்ற சொல் தேடுவதற்குள் உன் தாய் அடுக்களையிலிருந்தே பதில் கூறிவிடுவாள், அவளுக்குத் தெரியாததைத் தாழ்வாரத்திலிருந்து அலாவுதீன் பாய் கூறுவார். எங்கள் மாடி முழுவதற்கும் என் நிறம் தெரியும்.

இதனிடையே கோயிலின் வாராந்தரச் சொற்பொழிவைக் கணினி வழியாக நடத்தச் சொன்னார்கள். நீறு பூசி, மேல்துண்டு போட்டு, பையை நாற்காலிக் காலில் மறைவாகக் கட்டிக்கொண்டு அமர்ந்தேன். பொருள் பற்றற்ற நிலை. பேச்சு நன்றாகவே போயிற்று. முடிவில் தீபாராதனை காட்டியபோது, பக்தி மேலீட்டால் கட்டியிருந்ததை மறந்து சட்டென எழுந்து கைகூப்பினேன். நானும் நாற்காலியும் ஒருங்கே எழுந்தோம். நூறு இல்லங்களின் திரையில் என் பை ஆடிற்று. அந்த மஞ்சள் பை என்னவென்று ஒரு பெண்மணி உடனே எழுதிக் கேட்டார். உன் தாய் எனக்கு முன்னால் பாய்ந்து, அது மஞ்சள் நீர், கிருமி அண்டாமலிருக்க என்று விடை எழுதிவிட்டாள். அவள் என் மானத்தைக் காத்தாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். மறுவாரம் படியிறங்கிப் போனால் எங்கள் அடுக்குமாடியில் வாசல்தோறும் மஞ்சள் நீர்ப் பை தொங்குகிறது. கீழ்த்தளத்து ஜெயராஜ் தம்பி வேப்பிலையும் சேர்த்திருந்தார். "ஐயா, ஒங்களோடது மட்டும் எப்படி தெனமும் புதுசாவே இருக்கு?" என்று கேட்டார். இடைவிடாத முயற்சி என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

ஒருவழியாக விநாயகர் சதுர்த்திக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை என் முறை வந்தது. மூக்கில் பரிசோதித்துத் தொற்றில்லை என்று உறுதி செய்தபின் அழைத்துப் போனார்கள். முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கினால் நோயாளியின் மூச்சிலிருந்து கிருமி பரவக்கூடுமாம். அதனால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். ஆக நான் விழித்தே இருந்தேன். அறையில் மிகச் சிலரே இருந்தனர், அவர்களும் தலைமுதல் கால்வரை உறை போட்டிருந்தார்கள். இன்னாரென்று தெரிய மார்பில் மைக்கோலால் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ஹக்கீம் தம் பெயருக்குக் கீழே சிரித்த முகம் ஒன்றும் வரைந்திருந்தார். என் தலைமாட்டில் நின்ற தாதி ஹமீதா தமிழ்ப் பெண். அறுவை முடியும்வரை ஒரு பதிகத்தை வாய்விட்டுப் பாடுவதாக நான் நேர்ந்திருந்தேன். முதலடியை எடுத்தேனோ இல்லையோ, அறை முழுதும் என்பக்கம் திரும்பிற்று. பாடினால் பேசுவதைவிட அதிகமாகக் கிருமி பரவுமாம். "அங்கிள், பாட்டு வேணாம். பேசுங்க. நான் கேக்கறதுக்கு பதில் சொல்லிக்கிட்டே இருந்தா போதும்" என்றாள் ஹமீதா. உள்ளே கழுவுவதற்காக விடும் நீர் அளவுக்கு மேல் இரத்தத்தில் கலந்துவிட்டால் நோயாளி பிதற்றத் தொடங்குவாராம். அதுதான் முதல் அடையாளமாம். அதற்காகத்தான் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்பதை நீ அறிவாய். நான் அப்போது அறியேன். என் பேச்சைக் கேட்க ஆவலாயிருக்கிறாள் என்று மகிழ்ந்துபோனேன்.

இன்று என்ன நாள் என்று கேட்டாள். ஆவணித் திங்கள், வளர்பிறை ஏழாம் நாள், கேட்டை என்றேன். பஞ்சாங்கம் பார்த்து வந்திருந்தேனாதலால் ஐயத்துக்கே இடமில்லை. அவள் கண் சற்றே அகன்றது. எங்கே இருக்கிறீர்கள் தெரியுமா என்றாள். ஈசன் திருவடி நிழலில் இருக்கிறேன் அம்மா என்றேன். உடனே குனிந்து என் நாடியைப் பிடித்தாள். நாட்டின் பிரதமர் யார் என்றாள். சென்ற மாதந்தான் மாறினார், இன்று காலை நான் செய்தித்தாள் பார்க்கவில்லை, ஆகவே உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றேன். அவள் அதை மலாயில் சொன்னபோது, அந்தக் கேள்வியை நோயாளிகளிடம் கேட்பதை நிறுத்திவிடலாம் என்று, என் இடுப்பின் மேல் கட்டியிருந்த திரைக்கு அப்பாலிருந்து ஹக்கீம் முனகினார். வீட்டில் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டாள். மணமான நாள்தொட்டு உன் தாயை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இல்லத்தரசி என்றேன். "டாக்டர், uncle dah lain macam" என்று ஹமீதா கலக்கத்தோடு சொன்னாள். அங்கிள் ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்பது அதன் பொருள். திரைக்கு அப்பால் கருவியின் ஓசை நின்றது.

இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை இன்னொரு நாள் பார்க்கலாமா என்று அவர்கள் தமக்குள் பேசியது என் காதில் விழுந்தது. எல்லா நாளும் மந்தமான என் செவி அன்று முயலின் செவியாயிற்று. இன்னொரு நாள் என்றால் மறுபடியும் வரிசை, மறுபடியும் குழாய், வாசல்தோறும் மஞ்சள் பை. என் அறிவு தெளிவாக இருப்பதை உடனே மெய்ப்பிக்க வேண்டும். மகளே, அப்போது எனக்குத் தோன்றிய வழியைக் கேட்டு நீ சிரிக்கலாம். மூளை கலங்கியவனால் வெண்பா பாட முடியுமா? தளை தட்டிவிடாதா? ஆகவே பாடக் கூடாதென்ற கட்டளையை மதித்து, பேச்சு நடையிலேயே ஒரு குறள் வெண்பா கட்டிச் சொன்னேன்.

தேக்கிய நீரும் திறந்தோடும் சிந்தையும்
தேங்காது நிற்கும் தெளிந்து.

நீயே சீர் பிரித்துப் பார். ஓரிடத்திலும் தட்டவில்லை. இறுதிச் சீர் பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடிகிறது. ஹமீதா என்னைப் பார்த்தாள், மருத்துவரைப் பார்த்தாள். "டாக்டர், இப்ப ரொம்ப மோசமாயிருச்சு" என்று மலாயில் சொன்னாள். நான் யாப்பிலக்கணத்தை விளக்கத் தொடங்கினேன். மூக்கில் பிராணவாயுக் குழாயை வைத்தார்கள்.

அந்த நொடியில் எனக்கு அலாவுதீன் பாயின் நினைவு வந்தது. அவர் பேசினால் யாரும் அவர் நாடியைப் பிடிப்பதில்லை. நாற்பதாண்டு காலம் வகுப்பறையில், சொல்லுக்குச் சொல் 'லா' ஒட்டும் எந்தக் கொச்சைப் பேச்சுக்காகப் பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றினேனோ, அந்தப் பேச்சை இறைவன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நானே எடுத்தேன். "ஹமீதா, எனக்கு ஒன்னும் ஆவலலா. தல நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு திங்கக்கெழம. ஆஸ்பத்திரியிலதான் படுத்துருக்கேன். எங்க வூட்டுக்காரம்மா பேரு தனலெட்சுமி. டாக்டர்கிட்ட சொல்லு, பாதியில வுட்டுறாம முடிச்சுட சொல்லுலா." அவள் நெடுமூச்சு விட்டாள். முகக்கவசம் உப்பி அடங்கிற்று. "அல்ஹம்துலில்லாஹ், அங்கிளுக்கு தெளிஞ்சிருச்சு" என்றாள். சற்று நேரத்தில் இரத்தச் சோதனையும் நல்லபடியாக வந்தது. கருவி மறுபடி ஓசையிடத் தொடங்கிற்று. செம்மையாகப் பேசியபோது பித்தன், கொச்சையாகப் பேசியதும் தெளிந்தவன் என்று மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டதோ என்னவோ, கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. மீதி நேரம் முழுவதும் நானும் அவளும், இறைச்சிக் குழம்பு ஊற்றும் நாசி கண்டார் சோற்றுக்கு எந்தக் கடை என்பதைப் பற்றியே பேசினோம். புலால் உண்ணாத எனக்கு அதைப் பற்றி இவ்வளவு கருத்துகள் இருந்தன என்பது எனக்கே வியப்பு.

இரு நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். தானாகப் போனால்தான் வீட்டுக்கு விடுவார்களாம், போகாவிட்டால் குழாயை மறுபடி போடுவார்களாம். தொற்றுக்கு அஞ்சிக் கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்த அந்தக் கூடத்தில் என்னைப்போல் காத்திருந்த முதியவர்கள் பலர். சீனர் ஒருவர், மலாய்க்காரர் ஒருவர், தாசேக் கெலுகோரிலிருந்து வந்த நம்மவர் ஒருவர். எல்லாரும் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். நேர்ந்த பதிகத்தை முகக்கவசத்துக்குள் உதடு மட்டும் அசையச் சொல்லி முடித்தேன். கடைசிப் பாட்டு முடிந்து எழுந்து திரைக்குப் பின்னால் போனேன். கூடம் முழுதும் அமைதியாயிற்று. பிறகு நடந்ததற்கு எல்லாக் கட்டிலிலிருந்தும் கைதட்டல் எழுந்தது. எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன், அப்படியொரு கைதட்டல் எனக்கு வாய்த்ததில்லை.

இப்போது பளு தூக்கக் கூடாது, நிறைய நீர் அருந்த வேண்டும், காப்பி கூடாது என்று உன் தாய் காவலிருக்கிறாள். காப்பியை அவள் தானாகச் சேர்த்துக்கொண்டாளா மருத்துவர் சொன்னாரா என்பதை நீதான் எழுத வேண்டும். அந்த உறையை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்று அறுவை செய்கிறாய், கழற்றி மாட்டும் தொல்லைக்கு அஞ்சித் தண்ணீரே குடிப்பதில்லை, எழுந்து போவதுமில்லை என்று உன் தாயிடம் சொன்னாயாமே. ஊரார் அணையைத் திறந்துவிடும் கை தன் வீட்டு நீரைத் தேக்கலாமா? வேளாவேளைக்குக் குடி, வேளாவேளைக்குப் போ. உன் முதியவர்களுள் எவரேனும் மேசைமேல் படுத்துக்கொண்டு விளங்காத மொழியில் நீளமாக ஏதேனும் சொன்னால், கருவியை நிறுத்துமுன் அவர் வாத்தியாரா என்று மட்டும் கேட்டுப் பார்.

எல்லா நலமும் பெற்று, நோயற்ற வாழ்வும் நீங்காத கைராசியும் உனக்கு அமைய அம்பலவாணன் திருவடியைப் போற்றி வாழ்த்துகிறேன். அஞ்சல் தாமதமாகும் என்று உன் தாய் இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறாள். கோயில் குழுவுக்குத் தவறி அனுப்பிவிட்டாளா என்பதைப் பெற்றவுடன் தெரிவி. நீ கேட்ட கேள்விக்கு விடை இன்னும் எழுதவில்லை. எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாம் வெண்பாவாகவே வந்து நிற்கிறது. உனக்கும் என் நாடியைப் பிடிக்கத் தோன்றிவிடுமோ என்று அஞ்சி, ஹமீதாவுக்குச் சொன்ன மொழியிலேயே சொல்கிறேன்.

நல்லா போவுதுலா, மா.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சிவநேசன்