தூணில் இருந்த பெயர்கள்

ஞாயிறு, இரவு

தேயிலைத் தோட்டத்து மயானத்தில் பழைய காரைத் தூணை இன்று நண்பர்கள் நாங்கள் ஐந்து பேரும் சுத்தம் செய்தோம். அந்தக் காலத்தில் செத்த தொழிலாளிகளின் பெயர் இருந்தது அதில் மட்டும்தான். அதில் பெயர் இல்லாதவர்களின் குழிமேல் தேயிலை நிற்கிறது. பாசி போகவில்லை என்று, கக்கூஸ் கழுவும் அசிட்டை ஹட்டனில் வாங்கிவந்து ஊற்றியவள் நான். காரை கரைந்து பெயர்களும் போய்விட்டன. கழுவிய பிறகு படம் எடுக்கலாம் என்றிருந்தோம்.

சாயந்தரம் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து செல்லம்மா அக்கா கற்பூரத்தோடு வந்தார். எழுத்து தெரியாதவர்.

“எங்க தாத்தா பேரு எங்க இருக்கு புள்ள? தொட்டுக் கும்பிட்டுக்கிறேன்.”

மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் அங்கே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாளைக்கு மகளைக் கூட்டிவருகிறாராம். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.