வலக்கை வத்தலுக்கு, இடக்கை பைக்கு

1-3-2006, புதன்

பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். தைப் பொங்கல் முடிந்த வாரம், மதுரையில் ஆபரேஷன். பல வருஷப் புண், ரத்தப்போக்கு. மருந்துக்கு அடங்கவில்லை. இப்போது சிறுகுடலின் நுனி வயிற்றின் வலப்பக்கம் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதன்மேல் ஒட்டிய பை. இனி எல்லாம் அந்த வழிதான். ஆயுசுக்கும்.

வெயில் இப்போதே சுள்ளென்று. வீட்டில் கிடந்து பொழுது போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சவரக் கண்ணாடியை வயிற்றுக்கு நேரே பிடித்து இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். செடியில் பழுத்த முண்டு மிளகாய். அதே உருண்டை, அதே சிவப்பு, அதே பளபளப்பு. முதல் தரம். ஆயுசெல்லாம் வத்தல் வியாபாரம் செய்தவன் கண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? சும்மா இருக்கும்போதே தானாகச் சுருங்குகிறது, விரிகிறது. விரலால் தொட்டேன். தொட்டது விரலுக்குத் தெரிகிறது, அதற்குத் தெரியவில்லை. என் சதை, என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது. கிள்ளிப் பார்க்கலாமா என்று யோசிக்கையில் செல்வி வந்துவிட்டாள். வீட்டுக்காரி.

“என்ன செய்யுதீக?”

“சரக்கு பாக்கேன்.”

“நல்லாப் பாத்தீக. மூடுங்க, ஈ உக்காரும்.”

4-3, சனி

டாக்டர் சொன்னது: நன்றாக மெல்லணும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் நிறைய. தோல், விதை, கொட்டை இப்போதைக்குக் கூடாது. காரம் குறைக்கணும். விருதுநகர் வத்தல் வியாபாரியிடம் இதைச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நானே கண்டது: அவலும் வாழைப்பழமும் தின்றால் கெட்டி, மத்தியானம் வரை தொல்லை இல்லை. டீ என்றால் உடனே தண்ணீர். உளுந்த வடைக்குச் சத்தம். மொச்சைக்குக் கல்யாண மேளம். தக்காளித் தோல் போன மாதிரியே வந்து சேர்கிறது. பீட்ரூட் தின்ற அன்று பை சிவந்துவிட்டது, ரத்தம் என்று செல்வி கத்தி, தன் தம்பிக்குப் போன் போட்டு, அவன் காரோடு வந்து நிற்க, “பீட்ரூட்டுலே” என்றேன். காறித் துப்பாத குறை.

முன்பெல்லாம் தின்றது எங்கே போகிறது என்று எவன் யோசித்தான்? இப்போது பாதி வழியில் லாரியை மறித்து மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி.

அந்தத் தம்பிதான் இன்று சாயந்திரம் வந்தான். முருகேசன், என் மைத்துனன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையைப் பார்த்துக்கொண்டவன். உட்காராமலே பேசினான்.

“அத்தான், சீசன் வந்துருச்சு. உங்களால வத்தல் பேட்டைக்கு வர முடியாதுன்னு மொளகா போடுற சம்சாரிகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. லோடு வேற கடைக்குத் திரும்புது. கடையை எம்பேருக்கு வாடகைக்கு விட்ருங்க. வீட்ல இருந்து உடம்பைப் பாருங்க.”

“வாடகைக்கு விட்டா அங்கன என் பேரு இருக்குமா?”

“போர்டுல இருக்கும்.”

கெட்டவன் இல்லை. சரக்கும் பார்க்கத் தெரியும். விலை பேசும்போதுதான் முகம் காட்டிக்கொடுத்துவிடும். போர்டில் மட்டும் இருக்கிற ஆள், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டிய ஆள். அதற்கு இன்னும் அவசரம் இல்லை.

பேசி முடித்தது: கோவிலில் பங்குனிப் பொங்கல் திருவிழா சாட்டுவதற்குள் நானே பேட்டைக்குப் போய் ஒரு லோடை விலை முடிக்க வேண்டும். முடியவில்லை என்றால் கடை அவனுக்கு.

அவன் போன பிறகுதான் உறைத்தது. பேட்டையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. துண்டைப் போட்டு மறைத்து, அதற்குள் வலக்கையைக் கோத்து, விரலைப் பிடித்துத்தான் பேச்சு. சுற்றி நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. இரண்டு பேரும் வயிறு உரச நிற்க வேண்டும். வாடை அடித்தால்? சத்தம் கேட்டால்?

7-3, செவ்வாய்

எழுதவே வெட்கம். யார் பார்க்கப் போகிறார்கள், எழுதுகிறேன்.

மு. (முருகேசனை இனி இப்படியே எழுதுகிறேன்) சாம்பிள் வத்தல் கொடுத்துவிட்டிருந்தான். கை ஊறிக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் குலுக்கிக் காதில் வைத்து, உடைத்து, விதையை நசுக்கி, மோந்து பார்த்து, ஆசை தீர. பிறகு பை மாற்றும் நேரம். போய் மாற்றினேன். கையைத் தண்ணீரில் அலசியதாகத்தான் ஞாபகம். வத்தல் காரம் தண்ணீருக்கா போகும்?

தீ. சிவப்பு நுனிக்கு ஒன்றுமே இல்லை, அது பாட்டுக்கு மினுங்குகிறது. சுற்றியுள்ள தோல்தான் எரிகிறது, பட்டாசுத் திரி பற்றின மாதிரி. செல்வி ஓடி வந்து நல்லெண்ணெயைத் தடவினாள். காரத்துக்கு எண்ணெய், இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம். எரிச்சல் அடங்கியது. அப்புறம் பை ஒட்டவில்லை. எண்ணெயில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இன்னொரு பை. அதுவும் இறங்கியது. வேட்டி, பாய், தரை எல்லாம் நாசம்.

“வத்தலைத் தொட்ட கையால கண்ணைக் கசக்கக் கூடாதுன்னு பச்சப்புள்ளைக்குத் தெரியும்.”

“கண்ணைத் தொடலையேட்டி.”

“இனிமே அதுவும் கண்ணுதான்.”

துடைத்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

சட்டம்: வலக்கை வத்தலுக்கு. இடக்கை பைக்கு. பையைக் காலி பண்ணும் கிளிப்பை இடக்கை ஒன்றாலேயே திறந்து மூடப் பழக வேண்டும். பழகுகிறேன். ரப்பர் செருப்பில் வார் கோக்கிறது போலப் படுத்துகிறது.

10-3, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. தையல்காரர் புதுச்சட்டை கொடுத்துவிட்டார், லூஸாக. இடுப்பில் போடும் பச்சை பெல்ட்டுக்கு இனி வேலை இல்லை, சரியாக அந்த இடத்தில்தான் உட்காருகிறது. இத்தனை வருஷம் வயிற்றில் பணப் பை. இப்போது இது.

அடுப்படியில் செல்வியை நிறுத்தித் துண்டைப் போட்டேன்.

“என்னங்க இது கூத்து?”

“சும்மா நில்லு. வாடை வருதா பாரு.”

கையைக் கொடுத்தாள். நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தேன்.

“இது எம்புட்டு? நாலாயிரமா, நானூறா?”

“அது சரக்கைப் பொறுத்து.”

“அப்ப எனக்கு எம்புட்டு?”

நான் விரலை விடவில்லை. கல்யாணமான நாள் முதல் இப்படி நின்று கை பிடித்ததில்லை. அவள் சட்டைக்கிட்டே மூக்கை வைத்து இழுத்து மோந்தாள்.

“வத்தல் வாடைதான் அடிக்கு. என்னைக்கும் அடிக்கிற அதே வாடை.”

ஒரு கவலை தீர்ந்தது. சத்தம் மட்டும் பாக்கி. முழங்கையால் அமுக்கினால் பாதி குறைகிறது. மீதிப் பாதி, ஆண்டவன் விட்ட வழி.

16-3, வியாழன்

பேட்டைக்குப் போனேன். காலையில் அவல், வாழைப்பழம். டீ இல்லை. கடைவாசலில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தார்கள். நானும் அவர்கள் வயிற்றைப் பார்த்தேன். ஒவ்வொருத்தனும் உள்ளே என்னத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துச் சம்சாரி பெருமாள்சாமி, வேனில் முண்டு வத்தல் லோடு. வேறு கடைக்குப் போகக் கிளம்பியவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி! நீங்க எந்திரிக்கவே மாட்டீகன்னுல்லா சொன்னாவ.”

“எவன் சொன்னான்? சாக்கைப் பிரிங்க.”

குலுக்கினேன், கலகலவென்று சத்தம். உடைத்தேன், தண்ணீர் தெளித்த சரக்கு இல்லை. நிறம் கொஞ்சம் கறுப்பு. செடியிலேயே அதிக நாள் நின்றது.

“பறிக்க ஆளு ஏது அண்ணாச்சி? விடியுமுன்ன வேன் வந்து எல்லாத்தையும் சிவகாசி வெடி ஆபீசுக்கு அள்ளிட்டுப் போயிருதான். வேனு வாடகைக்கு எடுத்தது. ரெண்டாவது டிரிப்புக்கு டிரைவர் குதிக்கான்.”

இதை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

துண்டைப் போட்டேன். கை கோத்தோம். மு. நாலடி தள்ளி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. பெருமாள்சாமி நாலாயிரத்து எழுநூறு பிடித்தார். நான் நாலாயிரத்து நூறு. அந்த நேரம் பார்த்துப் பை பேசியது. கொடகொடவென்று, பானையில் தண்ணீர் சரித்த மாதிரி. அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது.

“பசியா அண்ணாச்சி?”

சிரித்து மழுப்பலாம் என்றுதான் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பொய் சொன்னால் விரலில் தெரிந்துவிடும், அது என் தொழில் அனுபவம்.

“பெருங்குடலை எடுத்துட்டாக. பை வச்சிருக்கேன். அது பேசுது.”

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெருமாள்சாமி கையை உருவவில்லை. குனிந்து என் சட்டையைப் பார்த்தார்.

“அப்பம் வெளிக்குப் போறது?”

“போக வேண்டாம். அதுவா வரும்.”

“அடக்க முடியாதோ?”

“முடியாது.”

“எங்க மாமனாருக்குக் கொடலு இருந்தும் அடக்க முடியல. பையும் இல்ல.” எல்லாரும் சிரித்தார்கள். நானும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இத்தனை நாள் பயந்தது இவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனால் சம்சாரி கெட்டிக்காரர். “ஒடம்புக்கு முடியாத ஆளு, ரொம்ப நேரம் நிக்காதீக. சட்டுனு முடிங்க” என்று பழையபடி எழுநூறையே அழுத்தினார். எனக்கு ஓட வேண்டியிருக்கும் என்று கணக்கு. அவல் என் கணக்கு. மத்தியானம் வரை எனக்கு அவசரம் இல்லை, அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருடைய டிரைவர்தான் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். துண்டுக்குள் நாலாயிரத்து நூறைப் பிடித்தபடி, சிவகாசியில் இந்த வருஷம் தீபாவளி ஆர்டர் எப்படி, பெண்ணுக்கு வரன் பார்த்தாயிற்றா என்று நிதானமாக விசாரித்தேன். அறுநூறு ஆனார். ஐந்நூறு ஆனார். ஹாரன். நான் நூறு ஏறினேன். ஹாரன். மறுபடி நூறு. அதில் அவர் கை தளர்ந்தது.

முண்டு முதல் தரம், குவிண்டால் நாலாயிரத்து முந்நூறு. சாக்குக் கழிவு போக. பணம் திங்கட்கிழமை.

மு. கிட்டே வந்தான். “அத்தான், மொகத்துல ஒண்ணுமே தெரியலியே?”

“வயித்துல தெரிஞ்சிச்சுல்ல.”

மத்தியானம் மூட்டை இறக்கும்போது அசந்துபோனது உண்மை. வத்தல் நெடியில் தும்மல், தும்மினால் தையல் பக்கம் பிடித்து இழுக்கிறது. கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்காமலே மு. தராசுப் பக்கம் போய் நின்றுகொண்டான். வாடகைப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். பேசி முடித்தது இது:

கடை என் பெயரில், வாடகைக்கு இல்லை. காலையில் துண்டு என்னுடையது. மத்தியானத்துக்கு மேல் எடை, லோடு, வசூல் அவனுடையது. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு, இந்த சீசன் முதல். நான் இருக்கும்வரை கடைக்குள் உளுந்த வடை வரக் கூடாது.

கடைசி ஷரத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துச் சம்மதித்தான்.