சவரிமுத்துவுக்கு நாற்பத்தொன்று

நாள் 212 | 09:10
செவ்வாய் ஆய்வு நிலையம். பதிவு செய்பவர்: மதிவதனி, மனநல மருத்துவர். நாங்கள் மூன்று பேர். மாதாந்திர ஆளுமை வினாத்தாள் முடிந்தது. நூறு வாக்கியங்கள், ஆம், இல்லை என்று அவரவரே குறிக்க வேண்டும். நிலையத் தலைவர் நாச்சியப்பன்: 3. காற்று இயந்திரப் பொறியாளர் சவரிமுத்து: 41. எல்லை 35; அதைத் தாண்டினால் மனநிலை சரியில்லை என்று பொருள். “மற்றவர்கள் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்” என்பதற்கு ஆம் போட்டிருக்கிறார். மனதில் இருப்பதை அப்படியே குறியுங்கள், ஒன்றும் ஆகாது என்று அவரிடம் நான்தான் சொன்னேன்.

நாள் 213 | 11:40
சவரிமுத்து, இயந்திர அறை ஒலிபெருக்கியில்: “கமாண்டர் காட்டுத ஆக்சிஜன் கணக்கு பொய்யிம்மா. மிஷின் சத்தமே வேற மாதிரி கேக்கு.”
சந்தேக அறிகுறி என்று எழுதி, மதிப்பெண்ணுடன் பூமிக்கு அனுப்பினேன்.

நாள் 214 | 08:05
பூமி: “சவரிமுத்து அவர் அறையில் வைத்துப் பூட்டப்பட்டுள்ளார். மதிப்பெண் 35-க்குக் கீழே வந்தால் கதவு இங்கிருந்து திறக்கப்படும்.”
அவர் கத்தவில்லை. “ஃபில்டர மட்டும் மாத்தச் சொல்லுங்கம்மா” என்றார். நாச்சியப்பன் சிரித்தார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

நாள் 219 | 14:20
நாச்சியப்பன் இயந்திர அறையில் இறந்து கிடக்கிறார். கெட்ட காற்று முதலில் அங்கேதான் தேங்கியிருக்கிறது. அவர் சட்டைப்பையில் பதினோரு நாள்களின் உண்மையான ஆக்சிஜன் அளவுகள். பூமிக்கு அனுப்பியவை வேறு. உண்மை தெரிந்தால் திரும்ப அழைத்துவிடுவார்கள் என்ற பயம்.

15:30
சவரிமுத்து அறையிலிருந்து சொல்லச் சொல்ல இயந்திரத்தைப் பிரித்தேன். உள்குழல் என் கையில் இரண்டாக உடைந்தது.
“பரவால்லம்மா. நான் வந்தா ஒட்டிருவேன்.”
பூமிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பதில்: “விதிப்படி மறுதேர்வு நடத்தவும்.”

15:45
“எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க சவரி.”
“பொய் சொல்லணுமாம்மா?”
“ஆமா.”
“சரிம்மா.”
மதிப்பெண் 2. அனுப்பிவிட்டேன்.

16:52
பூமி: “முந்தைய விடைகளோடு பொருந்தவில்லை. தேர்வு எழுதியவர் தம் இயல்பை மறைக்கிறார். கதவு திறக்கப்படாது.”
பொய்யைப் பிடிக்கும் அந்தச் சோதனையை வடிவமைத்த குழுவில் நானும் இருந்தேன். நாச்சியப்பன் வினாத்தாளில் முதல் மாதத்திலிருந்தே மாறாமல் பொய் சொன்னார். சோதனையால் அவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

17:35
இரும்புக் கம்பியால் நெம்பினேன். அடித்தேன். கதவில் கீறல்கூட விழவில்லை. கைவிரல் ஒன்று ஒடிந்திருக்கலாம். மீட்புக் கலம் வர ஏழு மாதம்.
“விடுங்கம்மா. உக்காருங்க. மூச்சு வீணாப் போவுதுல்லா.”
மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.
“என் ரூமுக்கு வார காத்துக் குழா, வராந்தாவுல பச்ச வால்வு. அத அடைச்சிருங்க. உங்களுக்கு ரெண்டு நாள் கூடக் கெடைக்கும்.”
முடியாது என்றேன்.
“சொன்னாக் கேளுங்க.”

18:10
முடியாது என்றுதான் சொன்னேன்.

18:40
அடைத்துவிட்டேன். அவர் சொல்லித்தான். அவரேதான் சொன்னார்.
ஒலிபெருக்கியில் மூச்சு கேட்கிறது. அணைக்கக் கை வரவில்லை.