பரிவட்டம் கட்டிய நாள்

நேற்று இங்கே ராசா ஊர்க் கோவில் திருவிழாவில் நம் மகனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். குருக்கள் பட்டுத் துணியை உதறியதும் சந்தனமும் கற்பூரமும் கலந்து மணத்தன. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்து, செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டேன். சற்று நேரத்தில் தலையில் கட்டிய துணியோடே மகன் தேடி வந்தான். "என்னம்மா, தலை சுத்துதா, பெனிங்கா இருக்கா? தண்ணி வாங்கியாரவா?" என்றான். வெக்கை தாங்கவில்லை என்று சொல்லி வைத்தேன். நிஜக் காரணம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருந்த காலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட எமர்ஜென்சி. தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். பகலில் நீங்கள் ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பீர்கள். சாயங்காலம் உட்கார்ந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதுவீர்கள். எழுதிய தாள், தோட்டத்துக்கு வந்துபோகும் ரொட்டிக்காரர் பெட்டிக்குள் ஒளிந்து போய் லிங்கியில் தபாலில் விழும். அச்சில் உங்கள் பெயர் வராது, ‘நமது நிருபர்’ என்றுதான் வரும். கிடைத்த கூலி ஓசிப் பத்திரிகை ஒன்று. "இந்த ஓசிப் பேப்பருக்கா இம்புட்டு மண்டைய ஒடச்சுக்கிறீங்க?" என்று கேலி செய்வேன். நீங்கள் சிரிப்பீர்கள். எழுதியதை முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவீர்கள். நான் அழுதால் அந்த வரியை அடித்துவிடுவீர்கள். "நடந்தத மட்டும் எழுதணும் புள்ள. அழுகைய படிக்கிறவங்க பாத்துக்குவாங்க. தெரியாதத எழுதவே கூடாது."

அந்த வருஷம் இரண்டு செய்தி எழுதினீர்கள். அரிசி தர மறுத்த பால்மரத் தொழிலாளி ஒருவரைக் காட்டிலிருந்து வந்தவர்கள் கட்டி வைத்து அடித்தது ஒன்று. காட்டுக்குச் சோறு போகிறதா என்று பார்க்க, கேட்டில் பெண்களை வெயிலில் நிற்க வைத்து ஆண் போலீஸ்காரர்கள் உடம்பைத் தடவிச் சோதித்தது இன்னொன்று. இரண்டாவது அச்சில் வந்த பிறகு கேட்டில் கொட்டகை போட்டார்கள். சோதனை செய்ய ஒரு பெண்ணும் வந்தாள். தோட்டமே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டது. அந்த நிருபர் யாரென்று வேலிக்கு உள்ளே எல்லோருக்கும் தெரியும். வெளியே ஒருவருக்கும் தெரியாது. அதுதான் உங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

மாரியம்மன் திருவிழா வந்தது. எப்போதும் பெரிய கங்காணிக்குக் கட்டும் பரிவட்டத்தோடு பூசாரி உங்கள் முன்னால் வந்து நின்றார். கோவில் தலைவர் மைக்கைப் பிடித்து, "நம்ம பொம்பளைங்க மானத்தப் பேப்பர்ல எழுதிக் காப்பாத்துனவரு இவருதான்!" என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். கூட்டத்தில் வெளித் தோட்டத்து ஆட்கள் இருந்தார்கள், காவலுக்கு வந்த போலீஸ்காரர்களும் இருந்தார்கள். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அம்மன் மரியாதையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தலையைக் குனிந்தீர்கள்.

யார்மீது கோபப்படுவேன்? அவர்கள் செய்தது முழுக்க அன்பு. கும்பிட்ட கையே உங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அந்த வாரமே போலீஸ் ஜீப் வந்து உங்களை ஏற்றிப் போனது. உதடு வீங்கித் திரும்பி வந்தீர்கள். அடுத்து, உங்கள் சைக்கிள் சீட்டில் பால் வெட்டும் கத்தியைக் குத்தி வைத்து, எழுதினால் கை இருக்காது என்று காட்டுக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். "ரெண்டு பேரும் ஒரே கேள்விதான் கேக்குறானுங்க புள்ள, யாருக்காக எழுதுறேன்னு" என்றீர்கள். வயிற்றில் பிள்ளையோடு உங்கள் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "இனிமே வேணாங்க." நீங்கள் என் தலையைத் தடவினீர்களே தவிர, சரி என்று சொல்லவில்லை. ரொட்டிக்காரர் பயந்து தாளை வாங்க மறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே தபாலில் போட லிங்கிக்குக் கிளம்பினீர்கள். ஆற்றோரம் சைக்கிள் கிடந்தது. உங்களை மறுநாள் கொண்டு வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து, "காட்டுக்காரன்தானே சுட்டான்? சொல்லும்மா, பேப்பர்ல போடுவோம்" என்றார். பால் வெட்டும் இடத்தில் ஒருத்தி என் காதோடு வந்து, "போலீஸ்தான் செஞ்சிச்சுன்னு சொல்லிடுக்கா, காட்டுல ஒன்னைய ஒண்ணும் செய்யமாட்டாங்க" என்றாள். இரண்டு பேரிடமும் எனக்குத் தெரியாது என்றேன். அதற்காக இரண்டு பக்கமும் என்னை வெறுத்தது. தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். பிள்ளை பிறந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை. அந்தத் தனிமையை யாரிடம் சொல்வது? ராசாவுக்கு வந்து மகனை ஆளாக்கிய பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

உங்கள் சாவு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. நம் தோட்டத்துச் செய்தியை எழுத ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

இன்று காலை மகன் வேலைக்குப் போன பிறகு, அன்றைக்கு வராமல் போன அந்தச் செய்தியை நானே எழுதினேன்:

‘லிங்கி அருகே ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் வேலை பார்த்தவர், செய்தியைத் தபாலில் போடச் சென்ற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு மனைவி இருக்கிறாள். பிறக்கப்போகும் பிள்ளை உண்டு.’

சுட்டது யார் என்று எழுதவில்லை. தெரியாது. படித்துப் பார்த்தேன், அழுகை வந்தது. எந்த வரியை அடிப்பது என்று சொல்ல நீங்கள் இல்லை.